புதுப்பிப்பு: கேமிங் கார்டில் சாலிட்ஒர்க்ஸ் தாங்குமா?

கோயம்புத்தூர் கணபதியில் உள்ள எங்கள் பம்ப் பட்டறைக்கு, சாலிட்ஒர்க்ஸ் என்ற 3டி டிசைன் சாஃப்ட்வேர் ஓட்ட, டிசைன் வேலைக்கென்றே வரும் குவாட்ரோ வகை கிராபிக்ஸ் கார்டுக்குப் பதில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கேமிங் கார்டு போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. கார்டு போட்டாச்சு.

தாங்குகிறது. மோனோபிளாக் பம்ப் அசெம்பிளியை கேசிங், இம்பெல்லர், மோட்டார் பாடி, போல்ட் நட்டு வரை மொத்தமாகத் திறந்து சுழற்றினாலும் திக்குவதில்லை. வரைபட சாஃப்ட்வேரான ஆட்டோகேட், கேம்களைப் போலவே டைரக்ட்எக்ஸில் ஓடுவதால் அதில் பேச்சே இல்லை. சாலிட்ஒர்க்ஸில் மாடலை நிஜப் பொருள் போலக் காட்டும் ரியல்வியூ பட்டன் மட்டும் மங்கலாகவே கிடக்கிறது. சாலிட்ஒர்க்ஸ் கம்பெனியின் சான்று பெற்ற கார்டுகளுக்குத்தான் அதைத் திறந்துவிடுகிறார்கள். நல்ல கார்டை இப்படிப் பூட்டி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வார்ப்பு வேலைக்கு அது இல்லாமலே ஓடும்.

முக்கியமாக ஒன்று. இம்பெல்லர் வேனில் (இறக்கையில்) ஃபில்லெட்டை, அதாவது மூலை வளைவை, 3 மிமீயிலிருந்து 4 ஆக்கினால், மாடலை மறுபடி கணக்கிடும் ரீபில்ட் முடியும் வரை பழைய கார்டில் காத்திருந்த அதே நேரம்தான் இப்போதும். அது பிராசசரின் வேலை, அதுவும் பெரும்பாலும் ஒரே கோரில் நடப்பது. அதனால் கையில் இருக்கும் காசை முதலில் வேகமான பிராசசரில் போடுங்கள்.

டிரைவர் பற்றிக் கேட்ட திருப்பூர் அண்ணாவுக்கு: கேமுக்கான கேம் ரெடி டிரைவர் வேண்டாங்க, டிசைன் மாதிரி வேலைக்கான ஸ்டுடியோ டிரைவர் போடுங்க. அப்புறம், பெரிய கம்பெனிக்கு டிசைன் செய்து, சாஃப்ட்வேர் சப்போர்ட்டை நம்பி இருப்பவர்கள் சான்று பெற்ற கார்டே வாங்குவது நல்லது. பிரச்சினை என்று போன் செய்தால் முதல் கேள்வியே கார்டும் டிரைவரும் சான்று பெற்றவை பட்டியலில் இருக்கிறதா என்பதுதான்.