பட்டினி கிடந்தால் மதுவத்தில (ஈஸ்ட்) விகாரம், அதாவது டிஎன்ஏ மாற்றம், கூடுமா?

பனங்கூடல்:
கூடும் எண்டுதான் நான் சொல்லுவன். சீனி தீர்ந்த கள்ளு முட்டியின்ர அடிமண்டியில மதுவம் பிரியாமல் கிடந்தாலும் டிஎன்ஏ உடையும். உடைஞ்ச முனையை ஒட்டேக்க ஒரு எழுத்து விடுபடலாம். லைசின் எண்ட அமினோ அமிலத்தை ஆக்க ஏலாத குலவகையை லைசின் இல்லாத தட்டில போட்டுப் பாருங்கோ. விகாரத்தால அந்தத் திறன் மீண்ட கலம்தான் அங்க முளைக்கும். 3ஆம் நாளோட நிக்காது, 10ஆம் நாளும் புதுக் கொலனி முளைக்கும்.

இரணைமடு:
அண்ணை, முட்டி மதுவத்தை விடுங்கோ. அது பெரும்பாலும் இருமடியம், ஒவ்வொரு பரம்பரை அலகுக்கும் இரண்டு பிரதி இருக்கும். விகாரத்தை எண்ண வழமையாப் பாக்கிறது கனவனின் எதிர்ப்பு: கனவனின் ஆர்ஜினின் மாதிரியான நஞ்சு, கேன்1 பரம்பரை அலகு ஆக்கிற வாசலால கலத்துக்குள்ள போகும். எதிர்ப்பு வர கேன்1இன்ர இரண்டு பிரதியும் பழுதாக வேணும். ஒரு பிரதி மட்டும் உள்ள ஒருமடியக் குலவகையோட தொடங்குங்கோ.

மற்றது கணக்கு. 1943இல லூரியாவும் டெல்புரூக்கும் பக்ரீரியாவுக்குக் காட்டின முறைதான்: 96 சிறு வளர்ப்பு, ஒவ்வொண்டையும் முழுசாக் கனவனின் தட்டில ஊத்துறது. 35இல கொலனி இல்லையெண்டால், வளர்ப்பொண்டுக்கு ஏறத்தாழ 1 விகாரம் (96/35இன்ர இயற்கை மடக்கை). அதில 70 இலட்சம் கலம் இருந்தால் வீதம் 1.4 × 10⁻⁷. பட்டினியில உயிர்க்கலம் 10 இலட்சமாய்க் குறைஞ்சிட்டுது எண்டு வையுங்கோ. முந்தியே விகாரமாகிப் பெருகின கூட்டத்தில ஒரு கலம் தப்பினாலும் அந்தத் தட்டில கொலனி வரும். வெறுந்தட்டு எண்ணிக்கை பெரிசா மாறாது, வகுக்கிற எண் மட்டும் ஏழிலொண்டாகும். வீதம் கூடின மாதிரித் தெரியிறது இதாலதான்.

கனகராயன்:
தம்பி சொல்றது சரி, ஆனால் பிழை மறுபக்கமும் இழுக்கும். நைதரசன் பட்டினியில கேப்1 எண்ட, எல்லா அமினோ அமிலத்துக்குமான பொது வாசல் திறக்கும். கனவனின் அதாலயும் உள்ள போய் கேன்1 இல்லாத விகாரியையும் கொல்லும். அமோனியம்தான் அந்த வாசலை அடைக்கும், அதால தட்டில அதைக் குறைக்கக் கூடாது. லீற்றருக்கு, அமினோ அமிலமும் அமோனியமும் சேராத மதுவ நைதரசன் அடிப்பொடி 1.7 கிராம், அமோனியம் சல்பேற்று 5, குளுக்கோசு 20, அகார் 20. ஆர்ஜினின் போடாதேங்கோ. அவிச்சு, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு கனவனின் 60 மில்லிகிராம். வன்னிக் கிணத்துத் தண்ணி வேண்டாம்: அதின்ர கல்சியம் பொஸ்பேற்றை வீழ்படிவாக்கும், நீங்கள் நினையாத பட்டினி ஒண்டு வந்து சேரும். வடிச்ச தண்ணிதான். வளர்காப்பு 30 பாகை. கரண்ட் நிண்டு பெட்டி 35க்கு ஏறினால் அந்தத் தொகுதியை எறியுங்கோ.

பனங்கூடல்:
கனவனின் கணக்கில குளறுபடி வரும், ஒத்துக்கொள்ளுறன். செத்ததை மெதிலீன் நீலம் போட்டுப் பிரிச்செண்ணலாம். ஆனால் லைசின் இல்லாத தட்டில பிந்தி வாற கொலனிக்கு உந்தக் கணக்கே தேவையில்லை.

இரணைமடு:
அதுக்கும் கட்டுப்பாடு வேணும், அண்ணை. கழுவாத கலத்தில ஒட்டின லைசினே இன்னும் ஒண்டிரண்டு பிரிவுக்குக் காணும். மூண்டு தரம் கழுவுங்கோ. பிறகு 10ஆம் நாள் கொலனியை எடுத்து, அதே அளவு பட்டினிக் கலத்தோட கலந்து புதுத்தட்டில போடுங்கோ. 3 நாளில வந்தால், விகாரம் தட்டிலயே பிந்தி நடந்தது, உங்கட பக்கம். 10 நாள் எடுத்தால் அது முந்தியே இருந்த, மெதுவாய் வளருற விகாரி.

பனங்கூடல்:
சரி. லைசினுக்குப் பதிலாய் லியூசின் பட்டினி போட்ட தட்டையும் பக்கத்தில வைப்பம். கடைசியில லைசின் இல்லாத தட்டுக்கு மாத்தேக்க அங்கயும் லைசின் ஆக்கிற திறன் அதேயளவு மீளுதோ எண்டு பாக்கவேணும்.