ஆட்டோ கட்டணம் 2013லேயே நின்றுபோனதில் யாருக்கு லாபம்?

மயிலைவாசி:
நேற்றுக் காலை சென்ட்ரலில் இறங்கி வீட்டுக்கு ஆட்டோ கேட்டேன். மீட்டர் மேல் துண்டு போர்த்தியிருந்தது. "முந்நூறு குடுங்க சார்." அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. ஐந்து கிலோமீட்டர் என்றால் 63 ரூபாய் 40 காசு.

ஒரு தொழிலைக் கட்டுப்படுத்த வரும் விதியை அந்தத் தொழில்காரர்களே நாளடைவில் தங்கள் பக்கம் வளைத்துக்கொள்வார்கள் என்று 1971இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதினார். பயணிகள் லட்சக்கணக்கில் இருக்கிறோம், ஆனால் சிதறிக் கிடக்கிறோம். ஆட்டோக்காரர்களுக்கு ஸ்டாண்டுக்கு ஸ்டாண்ட் சங்கப் போர்டும் கொடியும் இருக்கிறது.

ஆட்டோக்காரர் மகள்:
அண்ணா, அப்படி வளைச்சிருந்தா கட்டணம் ஏறியிருக்கணுமே? எங்கப்பா 22 வருஷமா வாடகை வண்டிதான் ஓட்டுறார். ராத்திரி வந்ததும் சட்டைப் பையைப் பாயில கொட்டுவார். வண்டி வாடகை ஒரு பக்கம், பெட்ரோல் காசு ஒரு பக்கம், மிச்சம் அம்மா கையில. அந்த மிச்சத்தை நான் சின்ன வயசுலேர்ந்து பார்த்துட்டு வர்றேன். 2025 பிப்ரவரியில சங்கங்களே முதல் 1.8க்கு 50, அப்புறம் 18னு அறிவிச்சாங்க. செல்லாதுன்னு அரசு சொல்லிடுச்சு. இதுவா பலம்?

மயிலைவாசி:
உங்கள் அப்பாவை நான் குறை சொல்லவில்லை, தாயி. பலம் கட்டணத்தில் தெரியாது, சோதனையில் தெரியும். மீட்டர் போடாதவரைப் பிடிப்பது எத்தனை நாள் நடக்கிறது? காகிதத்தில் கட்டணம் குறைவு என்று பயணி ஓட்டு, சாலையில் கண்டுகொள்ளாமல் விட்டு ஓட்டுநர் ஓட்டு. இரண்டும் கிடைக்கும்போது எந்த ஆட்சி இதைத் தொடும்? 2013க்குப் பிறகு இரண்டு கட்சிகளும் ஆண்டுவிட்டன.

பெரம்பூர் கணக்கர்:
மயிலைவாசி சொல்வதில் பாதி சரி. மீதி, பயம். கட்டணத்தை ஏற்றினால் அன்றைக்கே செய்தி. ஏற்றாமல் விட்டால் செய்தியே இல்லை. அதனால் அந்த முடிவை அமைச்சர் கையிலிருந்து எடுத்துவிட வேண்டும். பெட்ரோல் விலையை 2017 ஜூனிலிருந்து எண்ணெய் நிறுவனங்களே தினமும் மாற்றிக்கொள்ளலாம். நம் மின்கட்டணத்துக்கும் ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் வழி செய்தது: ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டித் திருத்தம், உச்சவரம்பு 6 சதவீதம். ஆட்டோவுக்கும் அப்படி ஒரு சூத்திரம் போட என்ன தடை? மோட்டார் வாகனச் சட்டம் 67ஆம் பிரிவில் அதிகாரம் மாநில அரசிடமே இருக்கிறது.

மயிலைவாசி:
சூத்திரத்தில் என்னென்ன சேரும் என்பதிலேயே பேரம் தொடங்கிவிடும். வண்டி வாடகையைச் சேர்த்தால் பத்து வண்டி வைத்து வாடகைக்கு விடுபவருக்குக் கொண்டாட்டம். கட்டணம் ஏறிய மறுநாளே அவர் வாடகையையும் ஏற்றிவிடுவார். ஓட்டுபவர் நிலைமை மாறாது.

ஆட்டோக்காரர் மகள்:
வாடகை விஷயம் சரிதான் அண்ணா, அதை நான் யோசிக்கல. இப்பதான் அப்பாகிட்ட கேட்டேன், அஞ்சு கிலோமீட்டருக்கு மீட்டர்ல எவ்வளவு வந்தா துண்டை எடுப்பீங்கன்னு. நூறு ரூபாய்ன்னார். சங்கம் சொன்ன கணக்குல 107 ரூபாய் 60 காசு வருது. அதைவிடக் கம்மியாதான் கேட்கிறார்.

மயிலைவாசி:
நூறு நான் கொடுப்பேன். மழை நாளிலும் நூறுதானா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.