பேஷன்ஸ் டைம்: தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

[நுவரெலியா, திங்கள் காலை]

கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம். ஓர் அவசரம். சுற்றுலா டிப்ளோமா வகுப்புக்கான தமிழ்மூலக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. என் தலையில் விழுந்தது வரிசைக் கோட்பாடு. கேளிக்கைப் பூங்காக்களில் ஓர் இராட்டினத்துக்கு மக்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பதை வைத்தே பாடம் முழுவதும் ஓடுகிறது. வெயிட்டிங் டைம், காத்திருப்பு நேரம். அதில் தகராறு இல்லை. மூன்று சொல்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

பேஷன்ஸ் டைம்: ஒருவர் வரிசையை விட்டுப் போகாமல் ஆகக் கூடினால் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது.
பால்கிங்: வரிசையின் நீளத்தைக் கண்டதுமே சேராமல் திரும்பிவிடுவது.
ரெனிகிங்: சேர்ந்து, கொஞ்சம் நின்று, பிறகு கழன்றுகொள்வது.

முதலாவதற்குப் 'பொறுமை நேரம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே ஒட்டவில்லை. கைகொடுங்கள்.

[பேராதனை, திங்கள் மாலை]

தம்பி, முதலில் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம், சொல் பிறகு வரட்டும். காத்திருப்பு நேரம் என்பது நடந்து முடிந்தது. நீர் கேட்பது அந்த ஆளுக்குள் இருக்கும் எல்லை. 40 நிமிடம் நின்று இராட்டினத்தில் ஏறிவிட்டவருடைய எல்லை 40ஐவிடக் கூடியது என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. 25ஆவது நிமிடத்தில் கழன்றவருடைய எல்லைதான் முழுசாகக் கைக்கு வருகிறது. அது ஓர் எழுமாற்று மாறி, அதாவது ஆளுக்கு ஆள் தற்செயலாக மாறும் அளவு. 'பொறுமை' என்று போட்டால் பிள்ளைகள் குணத்தை அளக்கப் புறப்பட்டுவிடுவார்கள்.

ஜோன் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961இல் நிறுவிய விதியையும் கையேட்டில் சேர்த்துக்கொள்ளும். வரிசையில் நிற்போர் தொகை = வந்து சேரும் வீதம் × சராசரிக் காத்திருப்பு. மணித்தியாலத்துக்கு 1,200 பேரை ஏற்றும் இராட்டினத்துக்கு ஒன்றரை மணித்தியால வரிசை என்றால் அங்கே நிற்பது 1,800 பேர். அவர்களை வளைத்து வளைத்து நிறுத்த நிழலும் நிலமும் வேண்டும் அல்லவா? இந்தக் கணக்கெல்லாம் பூங்காவில் பிறந்ததல்ல. கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காக ஏர்லாங் என்ற டென்மார்க் கணிதர் 1909இல் தொடங்கிவைத்தது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ரெனிகிங்குக்கு 'விலகல்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். புள்ளிவிவரவியலின் நியம விலகல் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) ஏற்கெனவே அந்தச் சொல்லில் குடியிருக்கிறது.

[பதுளை, செவ்வாய்]

அடிப்படையே பிழையாக இருக்கும்போது கிளையைப் பற்றி என்ன பேச்சு? கியூவுக்கு 'வரிசை' என்பதை யார் ஒப்புக்கொண்டது? வரிசை ஒழுங்கைக் குறிக்கும், சீரைக் குறிக்கும், கல்யாண வீட்டுத் தட்டையும் குறிக்கும். எறும்பு சாரை பிடிக்கிறது, மக்கள் சாரை சாரையாக வருகிறார்கள். ஒருவரை ஒருவர் சார்ந்து நிற்பதால் அது சாரை. சாரைப்பாம்புக்கும் அந்த நெடுமையால்தான் பெயர் வந்திருக்கும் என்பது என் துணிபு.

இனி காத்திருத்தல். தொல்காப்பியர் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று ஐந்து உரிப்பொருளை வகுத்துத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். முல்லைக்கு உரியது இருத்தல். போனவன் வருவான் என்று ஆற்றியிருப்பது. இதைவிடக் கூர்மையான சொல் உலகில் எந்த மொழியில் இருக்கிறது? ஆகவே பேஷன்ஸ் டைம், இருத்தற்பொழுது. விட்டுப் போவது பிரிதல். ஆசை இருந்தும் வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது ஊடல், அதுதான் உங்கள் பால்கிங். வரிசைக் கோட்பாடு முழுவதையும் ஐந்திணைக்குள் அடக்கிவிடலாம். இரங்கல் எதற்கு என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

[மாத்தளை, செவ்வாய்]

இரங்கல், நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்தவுடன் வருவது. ஐயா, ரோலர் கோஸ்டரோடு ஊடினால் தூது போவது யார்? பாணனா, தோழியா?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பால்க் என்ற ஆங்கிலச் சொல்லே குதிரை கால் எடுத்து வைக்க மறுத்து நிற்பதற்கு வருவது. நம்மிடம் அதற்குச் சண்டி மாடு இருக்கிறது. 'சண்டித்தல்' என்று போடுங்கள். பொருளும் பொருந்துகிறது, சொல்லும் நாட்டுச் சொல்.

[நுவரெலியா, செவ்வாய் இரவு]

சண்டித்தல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வகுப்பில் பாதிப் பேருக்குச் சண்டியன்தான் ஞாபகம் வருவான். சுற்றுலாப் பயணி வரிசையைப் பார்த்துச் சண்டித்தனம் செய்தார் என்று பரீட்சையில் எழுதி வைப்பார்கள். ஐயாவின் ஐந்திணை அழகுதான். ஆனால் கையேட்டுக்கு 24 பக்கம்தான் தந்திருக்கிறார்கள்.

[ஹட்டன், புதன் காலை]

எல்லாருக்கும் வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில் வணிகக்கல்வி படிப்பிக்கிறேன். இந்தக் குழுவில் பெரும்பாலும் வாசிப்பதோடு சரி. பொறுமை, இருத்தல் இரண்டிலும் எனக்கு ஒரே தடங்கல்தாங்க. இவையெல்லாம் நிற்கிற ஆளைப் பாராட்டுகிற சொற்கள்.

எங்கள் அம்மா கொழுந்தெடுத்தவர். மழைக்காலத்தில் தோட்டத்து மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) முன்னால் நிறுவைக்கு நிற்பார்கள். இடுப்பில் கட்டின படங்கு ஊறிக் கனக்கும், தலைக்கயிறு நெற்றியில் பள்ளம் போட்டிருக்கும். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து, தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழிக்கிற வரைக்கும் ஒருத்தரும் நகர மாட்டார்கள். நகர்ந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம். அங்கே பால்கிங்கும் கிடையாது, ரெனிகிங்கும் கிடையாது. 1970களில் பாணுக்கு நின்றதும், 2022இல் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் நின்றதும் அப்படித்தான். 2022இல் வரிசையிலேயே உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். அதைப் பொறுமை என்று எப்படிச் சொல்வது?

பூங்காவில் நிற்கிறவருக்குப் போகிற உரிமை இருக்கிறது. வெயில் சுட்டால் ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடலாம். ஒர்லாண்டோவில் 2019 ஜூனில் திறந்த ஒரு ரோலர் கோஸ்டருக்கு முதல் நாள் 10 மணித்தியாலம் வரைக்கும் வரிசை போயிருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தெரிந்துகொண்டேதான் நின்றார்கள். நீங்கள் அளக்கப் போவது அந்த உரிமையை ஒருவர் எப்போது எடுக்கிறார் என்பதை. குணப்பெயரே வேண்டாம். 'நிற்கும் எல்லை' என்று சும்மா எழுதுங்களேன்.

[பேராதனை, புதன் மதியம்]

டீச்சர் சொன்னது கணிதத்துக்கும் ஒத்துவருகிறது. யாரும் கழன்றுபோகாத மாதிரிகளில் அந்த எல்லையை முடிவிலி என்றே கொள்கிறோம். மடுவத்தில் நின்றவர்களையும் அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கும். சூத்திரத்துக்கு அவர்கள் ஏன் போகவில்லை என்பது தெரியாது.

[பண்டாரவளை, புதன் மாலை]

இரண்டு சொல்லாக நீட்டாமல் வினைத்தொகையாகச் சுருக்கலாமே. சுடுசோறு, ஊறுகாய் போலப் 'பொறுகாலம்'. பொறுத்த, பொறுக்கிற, பொறுக்கும் மூன்றும் அதற்குள் அடங்கும். ஒரே பயம்: பிள்ளைகள் நடுவில் ஒரு க் போட்டுவிடுவார்கள். 'பொறுக்காலம்' என்று வாசித்தால் பொறுக்கவே மாட்டாத காலமாகிவிடும். வினைத்தொகையில் வலி மிகாது என்று எத்தனை தரம் சொன்னாலும் மிகுத்துத்தான் எழுதுகிறார்கள்.

பாடத்தில் காத்திருப்போர் மனநிலை பற்றி டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதியதையும் தொட்டுவிடுங்கள். கையில் வேலை இருந்தால் காத்திருப்பு குறுகித் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் நீண்டு தெரியும். பக்கத்தில் இன்னொருவன் முந்திப் போவதைக் கண்டால் கேட்கவே வேண்டாம். டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸை, அதாவது வரிசையை முந்தும் சீட்டை, இலவசமாகக் கொடுத்து, 2021இல் காசுக்கு மாற்றியது. சும்மா நிற்பவர் எதிரில் காசு கட்டியவர் போகிறார். எல்லை அங்கேயே சுருங்கிவிடாதா? நேரப் பலகையும் இதே வித்தைதான்: 45 நிமிடம் என்று போட்டு 35இல் ஏற்றிவிட்டால் ஆள் சிரித்துக்கொண்டு ஏறுவார்.

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா கிரகரி வாவிப் படகுக்கு நிற்கிற சனத்திடம் கேட்டுப் பாருங்கள். "லைன்ல நிக்க ஏலாது, வாங்க போவோம்" என்பார்கள். மூன்று கலைச்சொல்லும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

[பதுளை, வியாழன் காலை]

லைனை அனுமதித்துவிட்டால் இந்தக் குழு எதற்கு? டீச்சரின் மடுவத்தை மறுக்கவில்லை. ஆனால் நிற்கும் எல்லை என்பது பெயரெச்சத் தொடர், கலைச்சொல் அல்ல. நாளைக்கு அதன் பன்மை வரும், பெயரடை வரும், அப்போது எப்படி வளைப்பீர்கள்? மேலும், ஹோர்டன் சமவெளியில் நெலு என்ற குறிஞ்சிச் செடி பூக்க 12 ஆண்டு இருக்க வேண்டும். குறிஞ்சி நிலத்திலே முல்லையின் உரிப்பொருள்! திணை மயக்கத்துக்கு இதைவிட நல்ல...

[மாத்தளை, வியாழன்]

ஐயாவின் கடிதம் நீண்டுபோய்ப் பாதியில் வெட்டுப்பட்டு வந்திருக்கிறது. அல்லது தொழில்நுட்பம் ரெனிகிங் செய்திருக்கிறது.

[நுவரெலியா, வியாழன் இரவு]

நன்றி அனைவருக்கும். நேரம் இல்லை, ஆகவே கையேட்டில் இப்படி வைக்கிறேன்: பேஷன்ஸ் டைம், நிற்கும் எல்லை. பால்கிங், சேராமல் திரும்பல். ரெனிகிங், கழன்றுபோதல். வரிசை வரிசையாகவே இருக்கட்டும். பொறுகாலத்தை அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன், க் இல்லாமல். மடுவத்து உதாரணம் டீச்சரின் அனுமதியோடு இரண்டாம் பக்கத்தில் வருகிறது. ஹட்டன், பேராதனை, மாத்தளை ஆதரவு. பண்டாரவளை அரைமனது.

[பதுளை, வெள்ளி அதிகாலை]

என் எதிர்ப்பைப் பதிவு செய்க. 'விலகல்' குடியிருப்பதால் அதற்குள் யாரும் புகக்கூடாது என்றார் பேராதனையார். வகையீட்டுக் கணிதத்தில் 'எல்லை' (லிமிட்) குடியிருப்பதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

[பேராதனை, வெள்ளி]

சுற்றுலா டிப்ளோமாவில் வகையீடு இல்லை, ஐயா.

[பதுளை, வெள்ளி]

அப்படியானால் நியம விலகல் மட்டும் இருக்கிறதா?

[நுவரெலியா, வெள்ளி]

இருக்கிறது ஐயா, மூன்றாம் பாடத்தில். கையேடு காலையிலேயே அச்சுக்குப் போய்விட்டது. அடுத்த பதிப்புக்கு இப்போதே ஒன்று கேட்டு வைக்கிறேன்: பக்கத்து வரிசை வேகமாக நகர்கிறதென்று அதற்குத் தாவுவதை ஜாக்கியிங் என்கிறார்கள். ஐந்திணை தவிர்த்து ஆலோசனை வரவேற்கப்படுகிறது.