இழை: கிளச் மிதிக்காமல் கியர் மாற்றுவதற்கு என்ன சொல்?

[டொரன்டோ]
எல்லோருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் பாரவூர்தி பழகும் எங்கட ஆக்களுக்குப் பயிற்சிக் குறிப்பு எழுதுகிறேன். 2022 ஜூலை முதல் தானியங்கி வண்டியில் சோதனை கொடுத்தால் உரிமத்தில் கட்டுப்பாடு விழும். அதனால் கைக் கியர் பழக வருகிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேணும், இரண்டு சொல் தேவை. ஒன்று, கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, விட்டு, எஞ்சின் சுற்றைச் சரிசெய்து, திரும்ப மிதித்துக் கியர் போடுவது. மற்றது, கிளச்சையே தொடாமல், எஞ்சின் சுற்றும் வண்டி வேகமும் பொருந்தும் கணத்தில் போடுவது. ஆங்கிலத்தில் அதை 'ஃப்ளோட்டிங்', அதாவது 'மிதத்தல்' என்பார்கள்.

[மதுரை]
இருமிதி மாற்றம், மிதியா மாற்றம். 'மிதியா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' போல. மித, மிதி இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் நெடுநாள் எண்ணம். நீரை மிதித்து நிற்பதுதானே மிதப்பது? ஆங்கிலச் சொல்லும் உள்ளே வந்துவிடுகிறது.

[தஞ்சாவூர்]
ஐயா, அந்தக் குறளில் 'ஓடா' வினைமுற்று. தேர் கடலில் ஓடாது என்பதே பொருள். 'பொய்யாமொழி' என்று காட்டுங்கள், ஒப்புகிறேன். வேர் ஒன்று என்பதை ஒப்ப மாட்டேன். கிளட்ச்சுக்கு உரசிணைப்பி இருக்க, அதை ஏன் விட வேண்டும்?

[நாமக்கல்]
அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினார். 'டபுள் கிளட்ச் போடு' என்றால் கிளீனர் பையனுக்கும் புரியும். இறக்கத்தில் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டவனிடம் உரசிணைப்பி என்று சொல்லிப் பாருங்கள். காதில் விழுந்ததும் கால் நகர வேண்டும்.

[டொரன்டோ]
எனக்கு 'மிதி'யிலதான் பயம். இங்கத்தைய பாரவூர்திகளில் கிளச்சை அடிவரை மிதித்தால் கிளச் பிரேக் பிடித்துக் கியர்ப்பெட்டியின் உள்தண்டை நிறுத்தும். அது நிற்கும் வண்டிக்கு மட்டும். ஓடும்போது பாதி மிதித்தால் போதும். 'இருமிதி' என்று படிக்கிற புதியவர் இரண்டு தரமும் அடிவரை மிதிப்பார்.

[மதுரை]
அப்படியென்றால் இருதொடு மாற்றம்?

[நாமக்கல்]
தொட்டால் கிளட்ச் விடுபடாதே, ஐயா.

[டொரன்டோ]
நேரம் முடிந்தது. முதலாவதுக்கு 'டபுள் கிளச்' என்றே போட்டு, 'அடிவரை மிதியாதே' என்று கீழே எழுதுகிறேன். இரண்டாவதுக்கு மூன்று பேர் 'மிதியா மாற்றம்' என்கிறீர்கள். அதையே போடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

[தஞ்சாவூர்]
அந்த மூவரில் என்னைச் சேர்க்க வேண்டாம். இலக்கணம் சரி என்றுதான் சொன்னேன். கிளட்ச் மிதியே இல்லாத தானியங்கி வண்டியில் எல்லா மாற்றமும் மிதியா மாற்றம்தானே? பத்துக் கியர் வண்டியில் மேல் கியருக்குப் போக, எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று குறையும்வரை காத்திருக்கிறார் ஓட்டுநர். அந்தப் பொருத்தம் பார்ப்பதல்லவா வித்தை? சுற்று இசைந்து பொருந்துவதால் 'சுற்றிசை மாற்றம்' என்பது என் பரிந்துரை. அடுத்த பதிப்புக்காவது எடுத்து வையுங்கள்.