ஸ்னோ ப்ளோவர் அடைத்துக்கொண்டது, உடனே யாராவது சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டை, இப்போது கனடா. காலை 6.10

வணக்கம். நாங்கள் ஆகஸ்டில்தான் வந்தோம், இது முதல் பனிக்காலம். ராத்திரி முழுக்கக் கொட்டி, காலையில் கதவைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்குப் பனி. போதாததற்கு ரோட்டைத் தள்ளிக்கொண்டு போகும் லாரி, எங்கள் டிரைவ்வே வாயிலில் ஒரு சுவரையே எழுப்பிவிட்டுப் போயிருக்கிறது. மனைவி எட்டரைக்கு வேலையில் இருக்க வேண்டும். புது வேலை, ப்ரொபேஷன் இன்னும் முடியவில்லை. வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது, பனியை வாரித் தூர வீசுகிற தன் ஸ்னோ ப்ளோவர் மெஷினைக் கராஜில் விட்டுவிட்டு, தேவைப்பட்டால் எடுத்துக்கொள் என்றார். வீடியோ பார்த்து ஸ்டார்ட் செய்தேன், பாதி தூரம் நன்றாகத்தான் போனது. அந்தச் சுவரில் விட்டதும் டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் பனி வெளியே வரவே இல்லை. மேலே வளைந்த குழாயில் சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டேன். கையை விட்டுத் தோண்டிவிட்டு மறுபடி ஓட்டலாமா? மெக்கானிக் வந்தால் எவ்வளவு கேட்பார்? மைனஸ் 17 டிகிரி, வெளியில் நின்றபடிதான் டைப் அடிக்கிறேன்.

தண்டையார்பேட்டை, இப்போது வின்னிபெக். 6.18

தம்பி, முதல் வருடத்திலேயே மெஷினை நம்பாதே. நான் 2011இல் வந்தேன். பேஸ்மென்டில் குடியிருந்தோம். படிக்கட்டுப் பள்ளம் முழுக்கப் பனி நிறைந்து கதவு திறக்காது. ஜன்னல் வழியாக ஏறி வெளியே போய், கதவுக்கு முன்னால் இருப்பதை வாரி, அப்புறம்தான் குழந்தைகளை வெளியே விடுவேன். மூன்று பனிக்காலம் ஒரே ஒரு ஷவலில் ஓட்டினேன். ஷவல் தகட்டில் சமையல் எண்ணெய் தடவிக்கொள், பனி ஒட்டாது. கொட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே ஒரு தடவை வாரிவிட்டால் காலையில் பாதி வேலைதான்.

பெரம்பூர், இப்போது மொன்றியல். 6.24

ஷவல் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள் அண்ணா. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈரப் பனியைத் தூக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும். எங்கள் தெருவில் ஒருவர், 52 வயது, வாரிக்கொண்டிருந்தபோதே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வீடு சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற நமக்கு இது தேவையில்லை. மெஷின்தான் சரி, அதுவும் பேட்டரி மெஷின். பெட்ரோல் நாற்றமும் இல்லை, கயிறு இழுக்கிற வேலையும் இல்லை. எங்கள் ஊர்க்காரர் ஆர்த்தூர் சிகார்தான் 1925இல் ஸ்னோ ப்ளோவரை ஓட்டிக் காட்டியவர். அப்போது அது லாரி அளவு. இன்றைக்கு ஒரு ஆள் பின்னால் நடந்தே ஓட்டுகிறான். ஐசிஎஃப்பில் ரயில் பெட்டிக்கு நடுவில் வளர்ந்தவள் நான், இந்த மாதிரிக் கதை கிடைத்தால் விடமாட்டேன்.

வியாசர்பாடி, இப்போது கால்கரி. 6.27

தம்பி, அந்த டக் சத்தம் ஷியர் பின் உடைந்தது, முன்னால் சுற்றுகிற இரும்புத் திருகைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்னப் பின். வீட்டில் இருக்கும் நல்ல கெட்டி போல்ட்டாக ஒன்றைப் போட்டு முடுக்கு, ஆக்ஸிலரேட்டரை முழுசாக வைத்து முட்டித் தள்ளு. நான் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். பக்கத்து வீட்டில் உதவி கேட்கலாம் என்று மட்டும் நினைக்காதே. மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது, யார் வீட்டு மோட்டார் யாருடையது என்றே தெரியாது. ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் வீடு வீடாகப் போனார்கள். இங்கே நான் ஒரு மணி நேரம் வாசலில் மல்லுக்கட்டினேன், எதிர் வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்.

எண்ணூர், இப்போது ஸ்காபரோ. 6.31

முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார். பனி எடுப்பது யார் பொறுப்பு என்று அதில் இருக்கும். பழைய மெஷினைக் கொடுத்துவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று போகிற வீட்டுக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பனியை ரோட்டில் தள்ளிவிடாதே. ஒண்டாரியோவில் அது சட்டப்படி குற்றம். உன் புல்தரையில்தான் போட வேண்டும்.

வியாசர்பாடி, இப்போது கால்கரி. 6.33

அதையும் எத்தனை தடவை போடுவது அண்ணா? நாம் ஒதுக்கி முடித்ததும் லாரி திரும்ப வரும், திரும்ப மூடும். வரி கட்டுகிறோம். வாயிலைத் திறந்துவிட ஆள் இல்லை. சென்னையில் தூர் வாரிய சேற்றைக் கால்வாய் ஓரத்திலேயே குவித்துவிட்டு, அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போகும் இல்லையா, அதே வயிற்றெரிச்சல்.

தண்டையார்பேட்டை, இப்போது வின்னிபெக். 6.35

வின்னிபெக்குக்கு வந்து பார். உனக்குக் கால்கரியில் நடுவில் சூடான காற்று அடித்துப் பாதி உருகிவிடும். எங்களுக்கு நவம்பரில் விழுந்தது ஏப்ரலில்தான் போகும்.

ராயபுரம், இப்போதும் ராயபுரம். 6.36

வெளிநாட்டுப் பிள்ளைகள் பேசும் இடத்தில் குறுக்கே வருகிறேன். மகள் பின்லாந்தில் இருப்பதால் இதையெல்லாம் படிப்பேன். தம்பி, கையை விடாதே. இன்ஜின் நின்றிருந்தாலும் விடாதே. அவன் கேட்டது இதைத்தான், ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நான் பனியைப் பார்த்ததில்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மெஷினில் 22 வருடம் நின்றிருக்கிறேன். ஐஸ் பாரை உள்ளே தள்ளினால், பல் வைத்த உருளை நொறுக்கிக் குழாய் வழியாகப் படகின் அறைக்கு அனுப்பும். ஒரு நாள் விடியற்காலை பார் குறுக்கே சிக்கிக்கொண்டது. மோட்டாரை நிறுத்தினோம். சுவிட்சில் ஆள் நின்றான், யாரும் போடவில்லை. என்னோடு வேலை பார்த்தவன் கையை விட்டு அந்தத் துண்டைப் புரட்டினான். பெல்ட் அதுவரை முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. துண்டு நகர்ந்ததும் உருளை கால் சுற்றுச் சுற்றியது. மூன்று விரல் போனது. அவன் வலை பின்னுகிற கைக்காரன். அதற்கப்புறம் பின்னவில்லை.

அன்றிலிருந்து ஒரு சவுக்குக் கழியை மெஷின் பக்கத்திலேயே சாய்த்து வைத்தோம். கழி இல்லையென்றால் மெஷின் ஓடாது, படகு எவ்வளவு அவசரமாக நின்றாலும் சரி. நீயும் ஒரு கழியைத் தேடு.

கொருக்குப்பேட்டை, இப்போது கனடா. 6.39

ஐயா, இதைப் படிக்கும்போது கையுறையைக் கழற்றி, விரலைப் பாதி உள்ளே விட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். கை நடுங்குகிறது.

திருவொற்றியூர், இப்போது ஒட்டாவா. 6.41

நல்லவேளை ஐயா சொன்னீர்கள். இந்த மெஷினும் அதே ஜாதிதான். அடைப்பு எடுபட்டதும், பெல்ட்டில் தேங்கிய இழுப்பு பிளேடைத் திருப்பிவிடும்.

மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், லாரிக் கதையை அப்புறம் பேசலாம். நான் இங்கே உபகரணம் வாடகைக்கு விடும் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். தம்பி, நீங்கள் சொல்லாமல் விட்டவை: பெட்ரோலா, பேட்டரியா? முன்னால் ரப்பர் துடுப்பு மட்டுமா, இரும்புத் திருகும் அதற்குப் பின்னால் விசிறியும் இருக்கிறதா? அடைப்பதற்கு முன் திருகு இரண்டு பக்கமும் சுற்றியதா? தரை தாரா, ஜல்லியா? கழுத்தில் மஃப்ளர் இருக்கிறதா?

கொருக்குப்பேட்டை, இப்போது கனடா. 6.44

பெட்ரோல் அக்கா. இரும்புத் திருகு, உள்ளே விசிறியும் தெரிகிறது. சத்தம் வந்த பிறகு வலது பக்கம் மட்டும் சுற்றாமல் நின்ற மாதிரி இருந்தது. தார்த் தரை. மஃப்ளர் இருக்கிறது, நுனி தொங்குகிறது.

திருவொற்றியூர், இப்போது ஒட்டாவா. 6.52

மஃப்ளரைக் கழற்றி உள்ளே வையுங்கள். ஜாக்கெட் கயிறு தொங்கினால் அதையும் உள்ளே செருகுங்கள்.

இப்போது சாவியை உருவிப் பையில் போடுங்கள். ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் தொப்பியை இழுத்து ஓரமாக விடுங்கள். சைலன்சர் சூடாக இருக்கும், அந்தப் பக்கம் கை போகக் கூடாது. திருகுப் பெட்டியின் மேலே பிளாஸ்டிக் கரண்டி மாதிரி ஒரு நீளக் குச்சி மாட்டியிருக்கும். அடைப்பெடுக்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள். அது இல்லையென்றால் துடைப்பக் கட்டை. மெஷினுக்குப் பக்கவாட்டில் நின்று, குழாய் வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுங்கள். கட்டை திடீரென்று இழுபட்டால் கட்டையை விட்டுவிடுங்கள், எட்டிப் பிடிக்காதீர்கள்.

ஏன் அடைத்தது என்றால், லாரி தள்ளும் பனியில் ரோட்டு உப்பும் ஈரமும் கலந்திருக்கும். மேலே விழுந்த புதுப் பனி மாவு, இது களிமண். அதோடு உள்ளே கட்டியோ கல்லோ சிக்கி வலது பக்கப் பின் உடைந்திருக்கிறது. காசிமேட்டு ஃபைபர் போட் இன்ஜினில் புரொப்பல்லர் கல்லில் இடித்தால் ஒரு சின்னப் பின் உடைந்து கியரைக் காப்பாற்றும் இல்லையா, இதுவும் அதே வேலைதான். அதனால்தான் கால்கரித் தம்பி சொன்ன கெட்டி போல்ட்டைப் போடக் கூடாது. இரண்டு வருடம் ஓடியிருக்கலாம். அடுத்து கல் சிக்கும் நாளில் போல்ட் தாங்கிவிடும், உடைவது கியர் பாக்ஸ். பழுது பார்க்கிற பணத்துக்குப் பாதி மெஷின் வாங்கலாம். ஷியர் பின் சில டாலர்தான், உங்கள் மெஷின் மாடலுக்கு உரியதையே போடுங்கள். வீட்டுக்காரர் கைப்பிடியிலோ கராஜ் அலமாரியிலோ ஒன்றிரண்டு வைத்திருப்பார், தேடிப் பாருங்கள். உடைந்த துண்டை ஆணியால் தட்டி வெளியே எடுத்து, திருகின் ஓட்டையையும் தண்டின் ஓட்டையையும் நேராக்கிச் செருக வேண்டும். புதுப் பின்னை மாட்டி முடித்த பிறகுதான் பிளக் தொப்பியைத் திரும்பப் போட வேண்டும்.

ஓட்டும்போது இன்ஜின் வேகம் முழுசாக இருக்கட்டும், அதில் கால்கரி சொன்னது சரி. முட்டித் தள்ளுவது மட்டும் தப்பு. சக்கரத்துக்கு ஆகக் குறைந்த கியர் போடுங்கள். அந்தச் சுவரின் மேல்பகுதியை ஷவலால் இடித்துச் சரித்துவிட்டு, மெஷினின் பாதி அகலத்துக்கு மட்டும் கடிக்க விடுங்கள். கைப்பிடியில் இருக்கும் இரண்டு லீவரையும் விட்டால் திருகும் சக்கரமும் நின்றுவிட வேண்டும், அப்படி நிற்கிறதா என்று முதலில் சோதியுங்கள். கை வலிக்கிறது என்று அதைக் கயிறு போட்டுக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யவே கூடாது. குழாய் வாயை ஆளோ காரோ கண்ணாடியோ இல்லாத பக்கம் திருப்புங்கள், ஜல்லி கல் புல்லட் மாதிரிப் பறக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் சுவர் இருந்தால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், திரும்பிப் பார்த்துவிட்டே எடுங்கள். பனிக்கு அடியில் கால்மிதி, பேப்பர் கட்டு, அலங்கார விளக்கு ஒயர் ஏதாவது கிடக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

வியாசர்பாடி, இப்போது கால்கரி. 6.58

அக்கா, போல்ட் விஷயம் எனக்குத் தெரியாது. இன்றைக்கே கழற்றிவிடுகிறேன். தம்பி, மன்னித்துக்கொள்.

கொருக்குப்பேட்டை, இப்போது கனடா. 8.05

குச்சி அக்கா சொன்ன இடத்திலேயே இருந்தது, பனி மூடியிருந்ததால் நான் பார்க்கவில்லை. கட்டியை உடைத்ததும் உள்ளே விசிறி லேசாக ஆடியது. ஐயா, அதைப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

வலது பின் இரண்டாக உடைந்திருந்தது. கராஜில் ஒரு டப்பாவில் நான்கு புதிது கிடைத்தது. மாட்டி ஓட்டினேன். மனைவி 7.50க்குக் கிளம்பினாள். இன்னொரு சந்தேகம், டேங்கில் இருப்பது போன வருடப் பெட்ரோல் என்று நினைக்கிறேன். இன்ஜின் சூடாகும் வரை விட்டு விட்டு ஓடியது. கராஜில் வைத்துப் பத்து நிமிடம் ஓட விட்ட பிறகுதான் சீரானது.

திருவொற்றியூர், இப்போது ஒட்டாவா. 8.07

கராஜிலா? கதவு?

கொருக்குப்பேட்டை, இப்போது கனடா. 8.08

கதவு பாதி திறந்திருந்தது அக்கா. மேலே குழந்தை தூங்குகிற அறை இருக்கிறது, சத்தம் கேட்கக் கூடாது என்று கதவைப் பாதியில் நிறுத்தினேன்.

திருவொற்றியூர், இப்போது ஒட்டாவா. 8.09

தம்பி, இதைப் படித்ததும் மேலே ஓடுங்கள். புகையில் வருவது கார்பன் மோனாக்ஸைடு, அதற்கு வாசனையே கிடையாது. கராஜ் கதவை முழுசாகத் திறந்திருந்தாலும் அது வீட்டுக்குள் ஏறும். ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். எழுப்பச் சிரமமாக இருந்தாலோ, வாந்தி, தலைவலி, மயக்கம் மாதிரி யாருக்காவது இருந்தாலோ வெளியே வந்து 911 அழையுங்கள். வீட்டில் அந்த வாயுவுக்கான அலாரம் இருக்கிறதா பாருங்கள்.

ராயபுரம், இப்போதும் ராயபுரம். 8.12

குழந்தை எப்படி இருக்கிறது?

ராயபுரம், இப்போதும் ராயபுரம். 8.19

தம்பி?

கொருக்குப்பேட்டை, இப்போது கனடா. 8.26

நன்றாக இருக்கிறாள் ஐயா. எழுந்து பால் கேட்டு அழுதாள், இப்போது போர்வையைச் சுற்றிக்கொண்டு என் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது, வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது. எனக்கும் தலைவலி இல்லை. அலாரம் மாடிப்படி பக்கத்தில் சுவரில் இருந்தது. திறந்து பார்த்தேன், உள்ளே பேட்டரியே இல்லை.

திருவொற்றியூர், இப்போது ஒட்டாவா. 8.31

பேட்டரி போட்டு டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், சத்தம் வர வேண்டும். பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும், அது தாண்டியிருந்தால் இன்றைக்கே புதிது வாங்குங்கள். இனி மெஷினை வெளியே தள்ளிக்கொண்டு வந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பெட்ரோல் விஷயம்: ஒரு மாதம் தாண்டினாலே கெட ஆரம்பிக்கும், கார்பரேட்டரில் பிசின் மாதிரிப் படியும். பழையதை மாற்றிவிட்டுப் புதுப் பெட்ரோலில், அது சீக்கிரம் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவம் கலந்து ஊற்றுங்கள். ஊற்றுவதும் வெளியில்தான், இன்ஜின் ஆறிய பிறகு. ஓட்டி முடித்த பிறகு பனி இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் திருகைச் சும்மா சுற்ற விடுங்கள், உள்ளே இருக்கிற ஈரம் உதிரும். அப்படியே உள்ளே வைத்தால் ராத்திரியில் உறைந்து, நாளைக்குத் திருகு அசையாது.

கொருக்குப்பேட்டை, இப்போது கனடா. 9.40

டிவி ரிமோட்டில் இருந்த பேட்டரியைப் போட்டேன். அலாரம் கத்தியது, பாப்பா பயந்துவிட்டாள். தேதி இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. மீதி மூன்று பின்னையும் குச்சிக்குப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிவைத்துவிட்டேன்.