திரையில் திருத்திய விடைத்தாள் மாணவர் கைக்கு ஏன் வரக்கூடாது?

பேனாமுள்:

எங்கள் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் அடுத்த பருவத் தேர்விலிருந்து விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்தப்போவதாகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆசிரியர் அறையில் எழுந்த பேச்சு கண்வலி, இணைய வேகம், விடைத்தாள் திருத்தும் முகாமுக்கான பயணப்படி ஆகியவற்றோடு நின்றுவிட்டதால், மாணவருக்கு இதனால் என்ன கிடைக்கப்போகிறது என்பதை இங்கே விவாதிக்க விரும்புகிறேன். நான் கணிதம் கற்பிப்பவன். இந்த மாற்றத்தை ஆதரிப்பவன்.

மாணவரின் அடையாளம் மறைக்கப்பட்ட தாள் ஸ்கேன் செய்யப்பட்டுத் திருத்துபவரின் திரைக்கு வருகிறது. ஒரு விடைக்கு மதிப்பெண் இடாமல் தாளை முடிக்க மென்பொருள் விடாது. கூட்டலையும் அதுவே செய்துவிடும். மறுகூட்டலுக்குக் காரணமாக இருக்கும் பழைய பிழைகள் இதனால் பெருமளவு குறையும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்காது என நம்புகிறேன்.

என் கோரிக்கை அதற்கு அடுத்த படியைப் பற்றியது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்ப்பதும் நகல் பெறுவதும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தேர்வரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. திருத்தியவரின் பெயரை மட்டும் வெளியிடத் தேவையில்லை என்றது. காகிதமாக இருந்தவரை, கட்டுகளைத் தேடி நகல் எடுக்க ஆள் வேண்டும் என்ற காரணமாவது சொல்ல முடிந்தது. தாள் கோப்பாக மாறிய பின் அந்தக் காரணமும் இல்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாளிலேயே ஒவ்வொரு மாணவரும் தம் தாளையும் விடைக்குறிப்பையும் கட்டணமின்றித் திறந்து பார்க்க வழிசெய்ய வேண்டும்.

மேலவீதி:

பேனாமுள் அவர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகள் முதன்மைத் தேர்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த உற்சாகத்தை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

மும்பைப் பல்கலைக்கழகத்தில் 2017இல் நடந்ததை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. ஏறத்தாழ 17 லட்சம் விடைத்தாள்களை ஒரே பருவத்தில் திரைக்கு மாற்றினார்கள். சட்டப்படி 45 நாட்களுக்குள் வரவேண்டிய முடிவுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. வேந்தர் என்ற முறையில் ஆளுநர் விதித்த ஜூலை 31 என்ற கெடுவும் கடந்தது. திருத்துவதற்காகவே வகுப்புகளை நிறுத்த நேர்ந்தது. வழக்குகள் உயர் நீதிமன்றம் சென்றன. அக்டோபரில் துணைவேந்தர் பதவி நீக்கப்பட்டார். மேற்படிப்புச் சேர்க்கைக்கு மதிப்பெண் பட்டியல் இல்லாமல் அலைந்த மாணவர்களுக்கு அந்த நடவடிக்கையால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகாமில் பக்கத்து மேசைக்காரரிடம் “இந்த வழியில் செய்திருக்கிறான், எவ்வளவு போடலாம்?” என்று கேட்கும் பழக்கம் இருந்தது, விடைக்குறிப்பில் இல்லாத சரியான வழிமுறைக்கு மதிப்பெண் கிடைத்ததே அந்தப் பேச்சினால்தான். தனி அறையில் திரைமுன் அமர்ந்து, ஒரு தாளுக்கு எத்தனை நிமிடம் எடுத்தீர்கள் என்று கணக்கெடுக்கும் மென்பொருளின் கீழ் வேலை செய்பவர், குறிப்பில் உள்ள சொல் விடையில் இருக்கிறதா என்று மட்டுமே தேடுவார்.

பேனாமுள்:

ஐயா, மும்பையைப் பற்றி நீங்கள் சொன்னது அனைத்தும் உண்மை. ஆனால் அது அவசரத்தின் தோல்வி. ஒரு துறையில், ஒரு பருவம் சோதித்துப் பார்க்காமல் எல்லாத் துறைகளையும் ஒரே நாளில் மாற்றினால் காகித முறையும் இப்படித்தான் சரிந்திருக்கும்.

மேசைப் பேச்சின் அருமையை நான் மறுக்கவில்லை. எனினும் மனிதத் திருத்தத்தை நாம் மிகையாக மதிக்கிறோம். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1912இல் ஒரே ஆங்கில விடைத்தாளை 140க்கும் மேற்பட்ட பள்ளிகளின் ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தபோது, நூற்றுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண்கள் வந்தன. நூறாண்டுகளுக்கு மேலாகியும் நம் முகாம்களில் இந்த வேறுபாட்டை அளக்கக்கூட ஏற்பாடு இல்லை. இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வு வாரியங்கள், மூத்தவர்கள் முன்பே திருத்திவைத்த தாள்களைத் திருத்துநருக்குத் தெரியாமல் இடையிடையே கலந்து அனுப்பி, அவர் இடும் மதிப்பெண் மூத்தவர்களுடையதிலிருந்து விலகிப் போனால் அவர் திருத்துவதை நிறுத்துகின்றன. காகிதக் கட்டில் இதைச் செய்வது மிகக் கடினம்.

மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டப்பட்டதான குற்றச்சாட்டில், அண்ணா பல்கலைக்கழக அலுவலர்கள்மீது 2018இல் ஊழல் தடுப்புத் துறை வழக்குப் பதிவு செய்ததை நீங்களும் அறிவீர்கள். முதல் திருத்தம் மாணவர் கண்ணுக்கே படாமல் இருக்கும் இடத்தில்தான் இத்தகைய குற்றச்சாட்டுகள் முளைக்கின்றன.

கடைசிபெஞ்ச்:

ஆசிரியர்களுக்கு வணக்கம். இளநிலைப் பொறியியல் மூன்றாமாண்டு மாணவன். நீங்கள் இருவரும் மதிப்பெண் சரியாக வருமா என்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கேட்பது வேறு.

ஒரு 13 மதிப்பெண் வினாவுக்கு எனக்கு 6 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 7 எங்கே போயிற்று என்பதை எனக்குச் சொல்ல இன்று ஒருவரும் இல்லை. தாளைத் திறந்துவிட்டாலும் அதில் சிவப்பில் 6 என்ற எண்தான் இருக்கும். கட்டணம் கட்டி நகல் வாங்கிய நண்பர்களின் தாள்களில் நான் பார்த்தது அவ்வளவே.

தொழில்நுட்பம் மட்டும் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகள் நடத்தும், ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லில் வாரப் பயிற்சிகளைக் கணினியே திருத்திவிடுகிறது. இறுதி மதிப்பெண்ணில் அவற்றுக்கு 25 விழுக்காடு, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சி நல்ல ஏற்பாடுதான். ஆனால் கெடு முடிவதற்குள் விடைகள் டெலிகிராம் குழுக்களில் உலவுவது எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண் ஒட்டியிருக்கும்வரை நாங்கள் பயிற்சியைப் பயிற்சியாகச் செய்வதில்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

வண்டல்:

மதிப்பெண் ஒட்டியிருக்கும்வரை பயிற்சி பயிற்சியாக இருப்பதில்லை என்று தம்பி கடைசிபெஞ்ச் சொன்னதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் கருத்துரை மட்டும் பெற்ற குழு அடுத்த பணியில் முன்னேறியது. மதிப்பெண் மட்டும் பெற்ற குழுவும், மதிப்பெண்ணோடு கருத்துரையும் பெற்ற குழுவும் அவ்வாறு முன்னேறவில்லை. அவர்கள் பள்ளிச் சிறார்கள் என்பதால் பட்ட வகுப்புக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் தமிழ்த்துறையில் இருப்பவள். தாளை ஸ்கேன் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. இன்று ஸ்கேன், நாளை இயந்திரத் திருத்தம் என்று நழுவுவதே அச்சம் தருகிறது. கட்டுரையைக் கணினியால் மதிப்பிடும் முயற்சி 1966இலேயே எல்லிஸ் பேஜ் என்பவரால் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சி இயக்குநராக இருந்த லெஸ் பெரல்மன் 2014இல் மாணவர் சிலருடன் சேர்ந்து, ஓரிரு சொற்களைக் கொடுத்தால் பொருளே இல்லாத பகட்டுக் கட்டுரையைப் பெருக்கித் தரும் நிரல் ஒன்றை எழுதினார். அந்தக் கட்டுரைகளுக்கு மதிப்பீட்டு மென்பொருள்கள் உயர்ந்த மதிப்பெண் வழங்கின. நீளத்தையும் கடுஞ்சொற்களையும் எண்ணும் இயந்திரத்திடம் நம் மாணவர்கள் ஒரே பருவத்தில் வித்தையைக் கற்றுக்கொள்வார்கள். உரைநூல் வணிகம் இருக்கும் ஊரில் அதற்குத் தனிப் பயிற்சி மையமே திறந்துவிடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை இத்தகைய ஏழு மென்பொருள்களுக்குக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை பெற்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிட்டின் நிறுவனத்தின் கண்டறியும் வசதியை நிறுத்திவைத்தபோது, பிழை விழுக்காடு ஒன்றே என்று கொண்டாலும் தான் 2022இல் சமர்ப்பித்த 75,000 கட்டுரைகளில் சுமார் 750 கட்டுரைகள்மீது தவறான பழி விழுந்திருக்கும் என்று கணக்குக் காட்டியது. தமிழ்வழியில் படித்துவிட்டு, எளிய ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் நம் முதல் தலைமுறை மாணவர் இதில் எந்தப் பக்கம் மாட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேனாமுள்:

வண்டல் அம்மா சொல்லும் ஆபத்தை ஏற்கிறேன். கட்டுரைக்கு இயந்திரம் மதிப்பெண் இடக்கூடாது.

ஆனால் தம்பி கேட்ட “மீதி 7 எங்கே” என்பதற்கு இயந்திரத்தின் அறிவு தேவையே இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட கிரேட்ஸ்கோப் என்ற மென்பொருளில் திருத்துநர் எண்ணை இடுவதில்லை. “எல்லை நிபந்தனையைப் பயன்படுத்தவில்லை, 3 குறைவு” என்பது போன்ற ஒரு வரியைத் தேர்வு செய்கிறார். முதலில் அந்தப் பிழையைச் சந்திப்பவர் ஒருமுறை எழுதினால் போதும். அடுத்த இருநூறு தாள்களில் அதே பிழைக்கு அந்த வரியைத் தொட்டால் போதும். மூன்று மதிப்பெண் குறைத்தது அதிகம் என்று பிறகு தோன்றினால், வரியில் இரண்டாக மாற்றியவுடன் முன்பு திருத்திய தாள்களும் மாறிவிடும். ஒரே வினாவை ஒருவரே எல்லாத் தாள்களிலும் திருத்துவதால், நல்ல கையெழுத்துடன் தொடங்கும் தாளுக்குக் கடைசிவரை கை தாராளமாக இருக்கும் வழக்கமும் குறைகிறது. மேலவீதி ஐயாவின் மேசைப் பேச்சுக்கும் இதில் இடமுண்டு: விடைக்குறிப்பில் இல்லாத வழிமுறையை ஒருவர் ஏற்று எழுதிய வரி, அந்த வினாவைத் திருத்தும் அனைவர் திரையிலும் தோன்றும்.

மேலவீதி:

அந்த வசதி நன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெர்க்லியில் பாடம் நடத்துபவரே வினாத்தாள் எழுதுகிறார்; அவரும் அவருடைய உதவியாளர்களுமே திருத்துகிறார்கள்; அந்த மாணவரை அடுத்த வாரம் வகுப்பில் பார்க்கிறார்கள். நம் இணைவு முறையில் கற்பிப்பவர் ஒருவர், வினா எழுதுபவர் வேறொருவர், திருத்துபவர் மூன்றாமவர். எல்லை நிபந்தனையைப் பற்றிய அந்த வரி மாணவருக்குக் கிடைக்கும்போது அவர் அடுத்த பருவத்தின் நடுவில் இருப்பார். அந்தப் பாடத்தை மீண்டும் எழுதப்போவது அரியர் வைத்தவர் மட்டுமே. பிணக்கூராய்வு அறிக்கையை நோயாளியிடம் கொடுப்பது போன்ற வேலை இது.

பின்னூட்டம் வேண்டுமென்றால் அதற்குரிய இடம் அகமதிப்பீடு. அங்கே தாள் ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. எந்த மென்பொருளும் இல்லாமலே குறிப்பு எழுதித் திருப்பித் தரலாம். பெரும்பாலான கல்லூரிகளில் நாம் அதைச் செய்வதில்லை. வருகைப் பதிவையும் ஒப்படைப்புகளையும் சேர்த்து ஏறக்குறைய எல்லோருக்கும் முழு மதிப்பெண் இட்டு அனுப்பிவிடுகிறோம். அதைச் சரிசெய்யாமல் பருவத் தேர்வின்மேல் மென்பொருளை ஏற்றுவது, பிழை இருக்கும் இடத்தை விட்டுவிட்டுப் பணம் இருக்கும் இடத்தில் வேலை செய்வதாகும்.

கடைசிபெஞ்ச்:

ஐயா, அரியர் வைத்தவருக்குத்தானே அது மிகவும் தேவை? ஒரே தாளை மூன்றாவது முறை எழுதும் ஒருவர், முதல் முறை எங்கே தவறினார் என்று தெரியாமலே எழுதுகிறார். தேர்ச்சி பெற்றவர்களுக்கும் அடுத்த பருவப் பாடம் முந்தையதன்மேல்தான் நிற்கிறது.

வண்டல்:

தம்பியின் கேள்வி நியாயமானது. மேலவீதி ஐயாவின் அகமதிப்பீட்டுக் கருத்தையும் நான் முழுமையாக ஏற்கிறேன். எங்கள் துறையில் முதல் அகத்தேர்வுத் தாளை மதிப்பெண் எழுதாமல் குறிப்புகளோடு மட்டும் திருப்பிக் கொடுத்து, மதிப்பெண்ணை ஒரு வாரம் கழித்து அறிவிக்கலாமா என்று துறைக்கூட்டத்தில் கேட்கப்போகிறேன். இதற்குத் தேவைப்படுவது சிவப்புப் பேனா ஒன்றே.

மேலவீதி:

அம்மையாரின் முயற்சிக்கு என் வாழ்த்துகள்.

பேனாமுள் அவர்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்பவிருக்கும் கோரிக்கையில் இரண்டு பகுதிகள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். திருத்திய தாளையும் விடைக்குறிப்பையும் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும் என்ற முதற்பகுதிக்கு நான் கையெழுத்திடுகிறேன். அரியர் மாணவரைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் மறுப்பில்லை. பிழைவரிகளைத் திருத்துநர் தேர்வு செய்ய வேண்டும் என்ற இரண்டாம் பகுதிக்கு, ஒருவர் ஒரு நாளில் திருத்தவேண்டிய தாள்களின் எண்ணிக்கையைக் குறைப்பதாகவும், தாளுக்கான ஊதியத்தை உயர்த்துவதாகவும் எழுத்தில் உறுதி வரும்வரை கையெழுத்திட மாட்டேன். அந்த உறுதி இல்லாமல் இதைக் கொண்டுவந்தால், பட்டியலின் முதல் வரியையே எல்லாத் தாள்களுக்கும் தொட்டுவிட்டு மாலைப் பேருந்தைப் பிடிப்பார்கள்.