உட்பிரிவுப் பட்டாவுக்கு லஞ்சம் கேட்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி – வாய்க்கால்கரை உழவர்

அனைவருக்கும் வணக்கம். கீழ்பவானிப் பாசனத்தில் உள்ள எங்கள் தோட்டத்தை அண்ணனும் நானும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து பிரித்துக்கொண்டோம். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வழங்குமாறு விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்திவிட்டோம். மாதங்கள் கடந்தும் நில அளவர் வரவில்லை. ஒரு தொகை கொடுத்தால் இந்த வாரமே அளந்துவிடுவார்கள் என்று அலுவலக வாசலில் இருக்கும் தரகர் சொல்கிறார். பங்காளிகளோ, கொடுத்து முடித்துக்கொள், தனியாளாக என்ன செய்துவிட முடியும் என்கிறார்கள். எனக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் என் பெயரில் சிட்டா இல்லாததால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும் தடைப்பட்டு நிற்கிறது. வழி கூறுங்கள்.

பதில் – ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தாராபுரம்

தம்பி, கொடுக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின், லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளியே. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ அதைத் தெரிவித்தால்தான் அவருக்கு விலக்கு உண்டு. கொடுத்து முடித்துக்கொள் என்று அறிவுரை சொல்லும் பங்காளிகளுக்கு இது தெரிந்திருக்காது.

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் ஒரு மனு அனுப்புங்கள். ஏன் தாமதம் என்று கேட்டால் எளிதில் தட்டிக்கழித்துவிடுவார்கள்; ஆகவே ஆவணங்களைக் கேளுங்கள். உங்கள் விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து யாரிடம் உள்ளது என்பதற்கான பதிவையும், உங்களுக்குப் பின்னர் வந்த உட்பிரிவு விண்ணப்பங்களில் எவை முடிக்கப்பட்டன என்பதைக் காட்டும் பதிவேட்டின் நகலையும் கோருங்கள். வரிசை மீறப்பட்டிருந்தால் அந்த நகலே அதைக் காட்டிவிடும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றித் தகவல் தர மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை மாநிலத் தகவல் ஆணையம் அபராதம் விதிக்க முடியும்.

பதில் – பல்லடம் வாசகர்

ஐயா சொல்வது சரிதான். ஆனால் பணம் கேட்டது உறுதியென்றால், அதற்காக 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பாகவே மாவட்டத்தில் உள்ள லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் அளியுங்கள். ரூபாய்த் தாள்களின் எண்களைச் சாட்சிகள் முன்னிலையில் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவி, பணம் கேட்டவரிடம் கொடுப்பதற்காக உங்களிடம் தருவார்கள். அதைத் தொட்ட கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நீங்களாகப் பணத்தை நீட்டக் கூடாது, அவர் கேட்க வேண்டும். கேட்டது நிரூபிக்கப்படாவிட்டால், பணம் கைப்பற்றப்பட்டிருந்தாலும் வழக்கு நிற்காது. அலுவலர் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கும் தரகரையும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவு தண்டிக்கும்.

வாய்க்கால்கரை உழவர்

இருவருக்கும் நன்றி. புகார் கொடுத்த பிறகு ஊரில் தனித்து நிற்க நேருமோ என்பதே என் அச்சம்.

பதில் – கோபி வட்டார வாசகி

அந்த அச்சம் நியாயமானது அண்ணா. கைது நடந்த மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. வழக்கு விசாரணையோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதற்கிடையே உறவினரும் ஊர்ப் பெரியவர்களும் சமாதானம் பேச வருவதால், புகார்தாரர்கள் பலர், முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லும் பிறழ்சாட்சிகளாகிவிடுகிறார்கள். புகார்தாரர் பிறழ்ந்தாலும் இறந்தாலும், லஞ்சம் கேட்டதைப் பிற சான்றுகளால் நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் நீதிமன்றம் மட்டும் ஒருவருக்குத் துணிவைத் தந்துவிடாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் உடன் வந்து நிற்க வேண்டும். ஊழலைக் குறைகூறும் நாம், புகார் கொடுத்தவர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேசக்கூடத் தயங்குகிறோம் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

ஆகவே உங்கள் ஊரில் பட்டா நிலுவையில் உள்ளவர்கள் அனைவரையும் சேர்த்துக்கொண்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக்களைக் கொடுத்து ஒவ்வொருவரும் ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். அடுத்த கிராம சபையிலும் இதை எழுப்புங்கள். தரகர் பணம் கேட்ட தேதியையும் பேசிய சொற்களையும் இன்றே எழுதி வையுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிவித்தால், மனுவின் வரைவை நான் எழுதித் தருகிறேன்.